மூன்றடுக்குத் திரை

பதில் வந்த பக்கம்தான் சரியில்லை.

ஜெயராணி சமையலறை வாசலில் நின்றபடி, கையில் பாதி உரித்த வெங்காயத்தோடு, எப்போதும் போலக் கூப்பிட்டாள். "என்னங்க, இருக்கீங்களா?" மூடிய கதவுக்கு அந்தப் பக்கம், நேற்றுத்தான் புதுத் திரை மாட்டிய அறையிலிருந்து, "இருக்கேன்" என்று வந்தது. தெளிவான குரல். தூக்கக் கலக்கம் துளிகூட இல்லை. இதில் பயப்பட என்ன இருக்கிறது, சொல்லுங்கள்? ஆனால் அவள் கை நின்றுவிட்டது. கட்டில் கிடப்பது கதவை ஒட்டிய சுவரோரம். குரல் வந்ததோ எதிர்ச்சுவரிலிருந்து, ஜன்னல் பக்கமாக. தண்ணீர் குடிக்க எழுந்திருப்பார் என்று எண்ணிக்கொண்டு கதவை லேசாகத் திறந்து பார்த்தாள். அவள் புருஷன் ரவிச்சந்திரன் கட்டிலில் குப்புறப் படுத்து, தலையணைக்குள் வாயைப் புதைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

துணி கனம், அதுதான் சத்தத்தைத் திருப்பி அடிக்கிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வேறு எப்படி நினைப்பாள்? அந்தத் துணிக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமா!

ரவிச்சந்திரன் அந்தமானில் ஹேடோ துறைமுகத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் கிரேன் ஓட்டுகிறவர். மெயின்லேண்டிலிருந்து சரக்குக் கப்பல் வந்து நின்றுவிட்டால் ராத்திரி டியூட்டிதான். விடிந்து வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வர வேண்டுமே! இந்தத் தீவில் சூரியனுக்கு அவசரம் அதிகம், மற்ற ஊர்க்காரர்கள் புரண்டு படுக்கிற நேரத்துக்கெல்லாம் இங்கே வெயில் முற்றத்தில் வந்து உட்கார்ந்துவிடும். மேலே தகரக் கூரை, அது கொதித்துக் கொதித்து டிக் டிக்கென்று சத்தம் போடும். ஜன்னலுக்கு நேரே லாரிப் பாதை. சிமெண்ட் மூட்டை லாரி, கம்பி லாரி, கிளீனர் பையன் கதவைத் தட்டித் தட்டி இந்தியில் கத்துகிற கத்தல், நாய்ச் சண்டை, கப்பல் சங்கு. மனுஷன் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். சாயங்காலம் சிவந்த கண்ணோடு திரும்ப டியூட்டிக்குப் போவார்.

ஒரு ராத்திரி, கிரேன் கொக்கியில் கம்பிக் கட்டு தொங்கிக்கொண்டிருக்கும்போதே அவர் உட்கார்ந்தபடி தூங்கிவிட்டார். கீழே நின்றவன் குதித்து ஓடியதால் பிழைத்தான். காண்ட்ராக்டர் கத்திவிட்டுப் போனது ஜெயராணிக்குப் பெரிதில்லை. தூக்கமில்லாத இந்த மனுஷன் ஒருநாள் கிரேன் படியிலிருந்து கால் தவறி நேரே கடலுக்குள் போய்விடுவார் என்பதுதான் அவளைத் தின்ற பயம். கடலுக்குக் கொடுத்தது போதாதா? கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக் கூலியாட்களின் வரிசை வீடுகளில், லயத்தில், அவளுக்கு அம்மா இருந்தாள், அண்ணன் இருந்தான், அண்ணன் பிள்ளைகள் இருந்தார்கள். சுனாமி வந்து போனபின் இவர் ஒருத்தர்தான் மிச்சம். இவரையும் விட்டுவிட்டு அவள் யாரோடு இருப்பாள்?

அதனால்தான் ஃபெர்ரி ஏறி எதிர்க்கரைக்கு, பாம்பூஃப்ளாட் போனாள். அங்கே ஜெய்னுதீன் பாய் ஜவுளிக்கடை வைத்திருந்தார். சுனாமி முகாமில் பழக்கமான மனிதர், ஏமாற்ற மாட்டார்.

"ஜன்னல் பர்தா எதுக்கு தங்கச்சி? அழகுக்கா, வெயிலுக்கா?"

"தூக்கத்துக்கு பாய். வெளிச்சமும் வரக்கூடாது, சூடும் வரக்கூடாது, சத்தமும் வரக்கூடாது."

பாய் சிரித்தார். துணிகளை இழுத்துப் போட்டுப் பேச ஆரம்பித்தார். "கறுப்பு வாங்கினாத்தான் இருட்டும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. கலர்ல ஒண்ணுமே இல்ல, பின்னால இருக்கற பூச்சுதான் விஷயம். வெளிய பாக்குற பக்கம் வெள்ளையா இருந்தா சூடு திரும்பிப் போயிரும். ஜன்னல் அகலத்துக்கு ரெண்டு மடங்கு துணி எடுங்க, மடிப்பு நல்லா விழணும். ரெண்டு பக்கமும் சுவத்து மேல ஒரு சாண் ஏறணும். கீழ தரையத் தொடணும். இடுக்கு விட்டா அதுல பூந்து வந்துரும்."

"சத்தம்?"

"சத்தத்த நிறுத்தறதுக்குத் துணி இல்ல. கனம் கூடினா கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்." கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவர் வெட்டாமல் நின்றார். "நான் ஒண்ணு சொல்லட்டா? கொஞ்சம் சத்தம் இருந்துட்டுப் போகட்டும்னு விடுங்க. எங்க வீட்டுக்காரி அஸ்மா ரேடியோவ அணைக்கவே விடமாட்டா. அவ தூங்கினா அதுவும் ஓடிக்கிட்டே இருக்கணும். ஏன்னு நான் கேக்கறதில்ல."

ஜெயராணி காதில் 'கனம்' மட்டும்தான் விழுந்தது. கனத்துக்கு அவளிடம் சரக்கு இருந்தது. சுனாமி நிவாரணம் என்று மெயின்லேண்டிலிருந்து வந்து குவிந்த சாம்பல் நிறக் கம்பளிகள்! எந்தப் புண்ணியவானுக்கு அந்தமான் குளிரும் என்று தோன்றியதோ, வேர்த்து ஊற்றுகிற ஜனத்துக்கு ஆளுக்கு இரண்டு கம்பளி. பிரிக்கப்படாமல் எல்லார் வீட்டுக் கட்டிலுக்கடியிலும் கிடந்தன. பக்கத்து வீட்டு ஒச்சம்மாவும் கச்சால்காரிதான், ஒரே லயத்து ஆள். அவள் தன்னுடையதையும் தூக்கிக் கொடுத்தாள். "கொண்டு போடீ, எலி குட்டி போடுது அதுல."

முன்னால் பாய் கொடுத்த துணி, பின்னால் வெள்ளைப் பூச்சுத் துணி, நடுவில் கம்பளி. மூன்றையும் சேர்த்துத் தைப்பதற்குள் ஊசி ஊசியாக உடைந்தது. கம்பிக்குப் பதில் தண்ணீர்க் குழாயைப் போட்டு மாட்டினாள். கடைசி மடிப்பை இழுத்துவிட்டதும் அறை இருட்டியது. லாரி நின்றது. நாய் நின்றது. கூரைச் சத்தம்கூட எங்கோ தள்ளிப் போய்விட்டது. தன் மூச்சு தன் காதில் கேட்கிற அமைதி. ரவிச்சந்திரன் படுத்தார், அவ்வளவுதான், அடித்துப் போட்டது போலத் தூங்கினார். ஜெயராணி சமையலறையில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதாள்.

அந்தக் கூப்பிடுகிற பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அலை லயத்தைக் கொண்டுபோன அன்று ராத்திரி, மிஞ்சியவர்கள் மேட்டுக்காட்டில் ஏறி ரப்பர் மரங்களுக்கு நடுவே கிடந்தார்கள். கையைக் கண்ணுக்கு நேரே நீட்டினால் தெரியாத இருட்டு. ஒவ்வொருவரும் தங்கள் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட, உயிரோடிருந்தவர்கள் "இருக்கேன்" என்றார்கள். அன்றிலிருந்து புருஷன் கண்ணுக்கு மறைவாக இருந்தால் ஜெயராணிக்குக் கேட்டாக வேண்டும். "என்னங்க, இருக்கீங்களா?" தூக்கத்திலும் அவர் "இருக்கேன்" என்பார். பேர் மட்டும் அவள் சொன்னதில்லை. ரேஷன் ஆபீசில் புருஷன் பேர் கேட்டால்கூட வெட்கப்பட்டுச் சிரித்து, ஒச்சம்மாவின் இடுப்பில் இடித்து அவளைச் சொல்ல வைப்பாள். தாலி கட்டினவர் பேரை வாயால் சொல்வதாவது! சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அவள் அம்மா அவளை வளர்த்திருந்தாள்.

திரை போட்டபின் அந்தப் பதில் மாறியது. முதலில் பக்கம் மாறியது. பிறகு வேகம் மாறியது. அவள் கேட்டு முடிப்பதற்குள், கேள்வி பாதியில் இருக்கும்போதே, "இருக்கேன்" வந்துவிடும், யாரோ கூப்பிடட்டும் என்று காத்துக்கொண்டே இருந்த மாதிரி. ஒருநாள் பதினொரு மணி வெயிலில் துணி மடித்துக்கொண்டே கூப்பிட்டாள், அறையிலிருந்து பதில் வந்தது, துண்டால் தலையைத் துவட்டியபடி ரவிச்சந்திரன் கொல்லைப்பக்கக் குளியலறையிலிருந்து வந்தார். "என்ன ஜெயா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அவள் மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள்.

அவர் டியூட்டிக்குப் போனதும் அந்தி வெளிச்சத்திலேயே அறைக்குள் நுழைந்தாள். வெளியே புழுக்கம், வேர்வை கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது. உள்ளே சில்லென்றிருந்தது. நனைந்த கம்பளி நாற்றம், அதற்கடியில் தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயும்போது வருகிற அந்தப் புளித்த புகை வாசம். ஹேடோவில் ரப்பர் ஏது? திரை அருகே போனாள். தரையைத் தொடுகிற ஓரம் கறுத்திருந்தது, தொட்டால் ஈரம். ஜன்னல் கம்பியைத் தொடலாம் என்று மடிப்புக்குள் கையை விட்டாள். துணி. கம்பளி. துணி. இன்னும் துணி. மணிக்கட்டு போனது. முழங்கை போனது. கம்பி தட்டுப்படவில்லை. அவள் தைத்தது மூன்றே அடுக்கு, அதைத் தாண்டினால் ஒரு விரல்கடைத் தூரத்தில் ஜன்னல். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்து, வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குழாயில் தண்ணீர் வந்த நாள் குடத்தைப் போட்டுவிட்டு நின்றபோது ஒச்சம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஒச்சம்மா வாயாடி, எதற்கும் சிரிக்கிறவள். அன்று சிரிக்கவில்லை.

"நீ எப்படிக் கூப்பிடுற?"

"எப்பவும் கூப்பிடுற மாதிரிதான். என்னங்க, இருக்கீங்களான்னு."

"பேர் சொல்லாமயா?"

"போடீ, புருஷன் பேரை எப்படி..."

"அடிப்பாவி." ஒச்சம்மா இடுப்புக் குடத்தைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு மேட்டுல எல்லாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டோம். கணபதின்னா கணபதி பேசினான். அங்கம்மான்னா அங்கம்மா பேசினா. நீ ஒருத்திதான் மொட்டையா 'இருக்கீங்களா, இருக்கீங்களா'ன்னு விடிய விடியக் கத்தின. எத்தனை பேர் பதில் சொன்னாங்க, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நிறையப் பேர். அந்தப் பதில்கள்தான் அன்றைக்கு அவளுக்குத் தெம்பு. இத்தனை பேர் பிழைத்திருக்கிறார்களே என்று நினைத்தாள்.

"மேட்டுல நாம கொஞ்சம் பேர்தான்டீ இருந்தோம்," என்றாள் ஒச்சம்மா. "மத்ததெல்லாம் கீழ பள்ளத்துல இருந்து வந்துச்சு. தண்ணி நின்ன இடத்துல இருந்து. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் நாங்க யாரும் சொல்லல. நீ இன்னும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கியா?"

குடம் நிரம்பி வழிந்தது. இரண்டு பேரும் அதைத் தூக்கவில்லை.

திரையைக் கழற்றிவிடலாம் என்று அன்றைக்கே புருஷனிடம் சொன்னாள். அவர் முகம் செத்துப்போனது. "வேணாம் ஜெயா. உன் கையக் காலாப் பிடிச்சுக் கேக்கறேன். அஞ்சு வருஷத்துல இப்பத்தான் தூங்கறேன். அந்தத் துணிய எடுத்தா நான் செத்துருவேன்." அப்படிச் சொன்ன ஆள் தூங்கித் தேறியிருந்தாலும் பரவாயில்லை. கன்னம் ஒட்டியிருந்தது, சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தார், விரல் நுனியெல்லாம் வெகுநேரம் துணி துவைத்தவர் கைபோல ஊறிச் சுருங்கியிருந்தது. எடுத்தாலும் போய்விடுவார், எடுக்காவிட்டாலும் போய்விடுவார். எந்தப் பக்கம் போவாள் அவள்? இந்தக் கப்பல் சரக்கு இறங்கி முடியட்டும், பிறகு அவர் டியூட்டியில் இருக்கும்போது சொல்லாமல் கழற்றிவிடலாம் என்று தள்ளிப்போட்டாள். அதுவரை கூப்பிடக்கூடாது. வாயைக் கட்டிக்கொண்டு, உள்ளே போய் அவர் காலைத் தொட்டு அசைத்து எழுப்பினாள். அறைக்குள் போகும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. அந்தப் பக்கமிருந்து அவளைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

மூன்று மணியிருக்கும். வெயில் தெருவில் வெள்ளையாகக் கிடந்தது. லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது, யார் வீட்டிலோ டி.வி.யில் இந்திப் பாட்டு ஓடியது. ஜெயராணி மீன் குழம்பை இறக்கி வைத்து, டிபன் கேரியரைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். டியூட்டிக்கு நேரமாகிறதே, மனுஷன் இன்னும் எழுந்திருக்கவில்லையே என்று நினைத்ததுதான் தாமதம். கை வேலையாக இருந்தது. வாய் பழகிய வாய்.

"என்னங்க, இருக்கீங்களா?"

சொல்லிவிட்ட பிறகுதான் சொன்னது தெரிந்தது. துடைத்த கிண்ணம் கையிலேயே நின்றது.

"இருக்கேன்."

ஆண் குரல். அவருடையதில்லை.

"இருக்கேன்." ஒரு பெண்.

"இருக்கேன்." கிழக் குரல், இருமலோடு.

"இருக்கேன்" என்று ஒரு பிள்ளை. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு. அதற்கும் பின்னால், தள்ளி, பள்ளத்திலிருந்து வருகிறது போல, ஒன்றன் மேல் ஒன்றாக, எண்ண முடியாதபடி. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம். பத்தடிக்குப் பத்தடி அறைக்குள்.

கதவைத் தள்ளினாள். குளிர் முகத்தில் வந்து அறைந்தது. கட்டிலில் ஆள் இல்லை. படுக்கையைத் தொட்டாள், சூடு இருந்தது. தலையணை பள்ளமாக இருந்தது. கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும் சிமெண்ட் தரையில் ஈரக் காலடி. போன காலடி மட்டும். திரை அறைக்குள் உப்பிக்கொண்டு நின்றது. மின்விசிறி ஓடவில்லை. காற்று இல்லை.

"ஐயோ," என்றாள். "ஐயோ, நான் எங்க போவேன்."

பிறகு சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவையாக. நாக்கு வளையவில்லை, இருந்தாலும் சொன்னாள். "ரவிச்சந்திரன்! ரவிச்சந்திரன்!"

எல்லாக் குரலும் நின்றது.

அப்புறம், அந்தத் துணிக்குப் பின்னால், சுவரையும் தெருவையும் லாரிப் பாதையையும் தாண்டின தூரத்திலிருந்து, சின்னதாக வந்தது.

"ஜெயா. இங்க இருக்கேன்."

அவர்தான். அவரேதான். அவளை ஜெயா என்று கூப்பிட உலகத்தில் வேறு யாரும் மிச்சமில்லை.

கையை விட்டாள். துணி. கம்பளி. துணி. தோள்வரை போனது. கன்னம் ஈரத் துணியில் அழுந்தியது. விரலை விரித்துத் துழாவினாள். எதுவோ அவள் கையைப் பிடித்தது.

கெட்டியாகப் பிடித்தது. விரலோடு விரல் கோத்து. "வந்துட்டீங்களா, வந்துட்டீங்களா," என்று அழுதுகொண்டே, காலைச் சுவரில் உதைத்து இழுத்தாள். கனம். இழுத்தாள். மடிப்பு விலகிக் கை வெளியே வந்தது. வாசல் வெளிச்சம் அதன்மேல் விழுந்தது. வெளுத்து ஊறிய கை. மணிக்கட்டில் பச்சைக் கண்ணாடி வளையல்.

லயத்து வாசலில் குனிந்து வருகிற மாதிரி ஒரு பெண் குனிந்து வெளியே வந்தாள். முடி முகத்தில் ஒட்டியிருந்தது. அவளுடைய இன்னொரு கை திரைக்குள்ளேயே இருந்தது. அது வேறொரு கையைப் பிடித்திருந்தது.

"நீங்கதானே கூப்பிட்டீங்க," என்றாள் மரியாதையாக.

ஜெயராணி கையை உதறப் பார்த்தாள்.

"விட்டுடாத ஜெயா," என்றது அந்தத் தூரத்துக் குரல். "கையெல்லாம் சேந்துதான் இருக்கு. நான் கடைசில இருக்கேன். விட்டுடாத."

விடவில்லை. எப்படி விடுவாள்? இழுத்தாள். பெண்ணின் கையைப் பிடித்தபடி ஒரு கிழவர் வந்தார். அவர் கையிலிருந்து ஒரு இளவட்டம். அவன் கையிலிருந்து இரண்டு பிள்ளைகள். யாரும் கத்தவில்லை, யாரும் அவளை ஒன்றும் செய்யவில்லை. வந்து வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள், முகாமில் சோற்றுக்கு உட்கார்ந்த மாதிரி. கட்டில் நிறைந்தது. கட்டிலுக்கடியில் நிறைந்தது. பிடித்த கையை ஒருவரும் விடவில்லை. தரையில் தண்ணீர் கணுக்கால் வரை. கதவோரம் உட்கார்ந்தவர்களின் முதுகு பட்டுக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

இருட்டு. பாட்டு நின்றது. லாரி நின்றது. அவள் கத்தினாள், கத்தினது தெருவுக்குப் போகாது என்று அவளுக்கே தெரியும். அவள் கையால் தைத்த துணி.

இழுத்தாள். அடுத்த கை வந்தது. தடவிப் பார்த்தாள். மோதிரம். அவருடையதில்லை.

இழுத்தாள். சின்னக் கை.

இழுத்தாள். நகமில்லாத கை.

"இன்னும் எவ்வளவு பேருங்க?" என்று கேட்டாள். "ரவிச்சந்திரன்! இன்னும் எவ்வளவு பேரு?"

"விட்டுடாத ஜெயா," என்றது குரல். முன்னைவிட இன்னும் தள்ளிப் போயிருந்தது.